சம்பந்தியோடு ஆடிய ஆட்டம்

…இல்ல லட்சுமியம்மா, நீங்க கேட்டதுல தப்பே இல்ல. பொண்ணு கேட்டு வர்றவங்க, முன்னாடி பேசின சம்பந்தம் ஏன் நின்னுச்சுன்னு கேக்கத்தான் செய்வாங்க. இங்க கேக்காம, சிராங்கூன் ரோட்டுல நாலு கடையில ஏறி இறங்கி விசாரிக்கிறவங்களுக்கு நீங்க எவ்வளவோ மேல். நேராக் கேட்டீங்க, நானும் நேராவே சொல்லிடறேன். எங்க பக்கம் எள்ளளவும் குறை இல்ல. அந்தச் சம்பந்தம் முறிஞ்சதுக்கு ஒரே காரணம் சதுரங்கம்.

சிரிக்காதீங்க. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இருபது வருஷம் வாத்தியாரா இருந்தவ. விளையாட்டுக்குக்கூட ஒரு வார்த்தைய இடம் மாத்திப் பேசினது கிடையாது. சதுரங்கம்னா சதுரங்கம்தான். வடை எடுத்துக்குங்க, ஆறினா நல்லா இருக்காது. கண்மணி உள்ள பூ வச்சுக்கிட்டிருக்கா, இப்ப வந்துருவா. இவ அப்பா வெளியில தாழ்வாரத்துலதான் உக்காந்திருக்கார். நீங்க படியேறி வந்தப்ப, பலகைய முன்னால வச்சுக்கிட்டு ஒருத்தர் எழுந்து கும்பிட்டாரே, அவர்தான். கூப்பிட்டா வருவார். வந்து என்ன பண்ண, நான் பேசறதுக்குத் தலையாட்டுவார். அது இங்கேருந்தே நடக்கும்.

எங்க விட்டேன்… ஆமா, அந்தப் பழைய சம்பந்தம். துரைசாமி வீடு. ரேஸ் கோர்ஸ் ரோட்டுல அச்சாபீஸ் வச்சிருக்காரே, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸெல்லாம் அடிப்பாரே, அவரேதான். அவரோட பையன் சேதுபதி. சாங்கி விமானப் படைத்தளத்துல கிளார்க். பையனப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அமைதி, படிப்பு, கை சுத்தம். ஜாதகம் பொருந்திச்சு, ரெண்டு வீட்டுலயும் பாத்தாச்சு, நிச்சயத்துக்கு நாள்கூட குறிச்சாச்சு. எல்லாம் சரியாப் போயிட்டிருக்கையில, நம்ம அப்துல் கையூம் ஒரு காரியம் பண்ணார்.

அப்துல் கையூமத் தெரியாதா உங்களுக்கு? துணிக்கடைக்காரர். எங்க வீட்டுக்காரர் இருக்கிற சதுரங்கச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். நல்ல மனுஷன், ஆனா இங்கிலீஷ் பத்திரிகை படிச்சே கெட்டுப் போனவர். சீமையில சதுரங்கக்காரங்களுக்கெல்லாம் தராதரப் புள்ளின்னு ஒண்ணு போடறாங்களாம். நல்லா ஆடறவனுக்கு நிறைய, சுமாரா ஆடறவனுக்குக் கொஞ்சம். அதப் பாத்துட்டு இவரும் சங்கத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் புள்ளி போட்டு, வரிசையா எழுதி, உள்ள நுழையற எடத்துலயே சுவத்துல ஒட்டிட்டார். எப்ப? சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்த மறுவருஷம். ஊரெல்லாம் மேடை போட்டு எல்லாரும் சமம், எல்லாரும் சமம்னு பேசிக்கிட்டிருக்காங்க. அந்த நேரம் பாத்து இவர் யாரு யாருக்கு எவ்வளவு கீழன்னு கணக்குப் பண்ணி ஒட்டறார்.

அதுல முதல் பேரு எங்க வீட்டுக்காரர். வேலாயுதம், ஆயிரத்துத் தொள்ளாயிரம். நான் பெருமைக்குச் சொல்லல, சுவத்துல இருந்ததச் சொல்றேன். கடைசிக்கு முந்தின பேரு துரைசாமி, தொள்ளாயிரம். அவருக்கும் கீழ ஒருத்தர் இருந்தார், அவர் அந்த வருஷமே காலமாயிட்டார். அதனால துரைசாமிதான் கடைசின்னு ஆயிப்போச்சு.

மனுஷன் வெந்து போயிட்டார். அவருக்கு ஆட வராதுன்னு சங்கத்துல எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயம் வாயில இருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல. எழுதி ஒட்டினா அது வேற. நான் பரீட்சைத் தாள் திருத்தினவ, எனக்குத் தெரியாதா? கடைசி மார்க் வாங்கின பிள்ளைகூட பேர வாசிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

அந்த வருஷத்துப் போட்டியில, எல்லாரும் ஆடற கடைசிச் சுத்துக்கு யாரோட யாருன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. யாருக்கும் யாருக்கும் விழுந்துச்சுங்கிறீங்க? வேலாயுதத்துக்கும் துரைசாமிக்கும். பொண்ணோட அப்பாவுக்கும் மாப்பிள்ளையோட அப்பாவுக்கும். நிச்சயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

இதுல இன்னொண்ணு சொல்லணும். அந்தப் போட்டிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. மூணு வருஷம் தொடர்ந்து ஜெயிக்கிறவருக்கு அது சொந்தமாவே போயிரும். எங்க வீட்டுக்காரர் அதுக்கு முன்னால ரெண்டு வருஷம் ஜெயிச்சிருந்தார். மூணாவது இது. இந்தத் துரைசாமிய ஜெயிச்சாப் போதும், கோப்பை வீட்டுக்கு வந்துரும். அதோ, அந்தக் கண்ணாடி அலமாரியில நடுத்தட்டு பாக்கிறீங்களா? அதுக்குன்னு நானே துடைச்சு, துணி விரிச்சு வச்ச எடம். இப்ப பிளாஸ்டிக் பூ இருக்கு.

கேளுங்க. ஆட்டத்துக்கு முன்னால நான் உக்காந்து யோசிச்சேன். இந்த வீட்டுல யோசிக்கிற வேலை என்னோடது. பலகைக்கு வெளியில எங்க வீட்டுக்காரருக்கு யோசனை ஓடாது. இவர் ஜெயிச்சுட்டார்னு வைங்க. நாலு பேர் மத்தியில பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டுக்காரன மண்ணக் கவ்வ வச்சான்னு பேச்சாகும். ஏற்கெனவே புள்ளியப் பாத்து வெந்து போயிருக்கிற மனுஷன், நிச்சயத்தன்னைக்கு வயித்து வலின்னு படுத்துப்பார். சரி, இவர் தோத்துட்டார்னு வைங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரம் தொள்ளாயிரத்துக்கிட்டத் தோத்தா எவன் நம்புவான்? பொண்ணத் தள்ளிவிடறதுக்காகக் கால்ல விழுந்துட்டான்னு சொல்லுவாங்க. என் பொண்ணு பயிற்சி முடிச்ச ஆசிரியை. அவளுக்காக யாரும் யார் கால்லயும் விழ வேண்டியதில்ல. அப்ப என்ன வழி? ஜெயிக்கவும் கூடாது, தோக்கவும் கூடாது. ட்ரான்னு சொல்றாங்களே, நல்ல தமிழ்ல சமன். ரெண்டு வீடும் ஒரே உயரம். எவ்வளவு கௌரவமான ஏற்பாடு, நீங்களே சொல்லுங்க.

அவர்கிட்ட சொன்னேன். சமன்னா போட்டியில அரைப் புள்ளிதான் கிடைக்கும், அடுத்த எடத்துல ஒட்டி வர்ற தபாலாபீஸ்காரருக்குக் கோப்பை போயிரும்னார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"உங்களுக்குக் கோப்பை வேணுமா, மாப்பிள்ளை வேணுமா?"

அதுக்கு அவர் சொன்ன பதில் இருக்கே, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிக்கல. "ரெண்டும் ஒரே பலகையிலயா இருக்கு, ரத்தினம்மா?" அப்படீன்னார். இதான் சதுரங்கக்காரங்க பேச்சு. சொல்லுக்குச் சொல் வைப்பாங்க, விஷயத்துக்கு வர மாட்டாங்க. நான் விஷயத்துக்கு வந்தேன். சமன்னு முடிவாச்சு.

எனக்குச் சதுரங்கம் தெரியாது. தெரிஞ்சுக்கிற அளவுக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனாலும் நேர்ல போய் உக்காந்தேன். சுண்டல் பண்ணி எடுத்துக்கிட்டு, பெண்கள் உக்கார்ற பெஞ்சில, துரைசாமியோட சம்சாரம் முத்தாயி பக்கத்துலயே. எதுக்குன்னா, நான் அங்க இருந்தாத்தான் இவருக்குச் சொன்னது ஞாபகம் இருக்கும்.

லட்சுமியம்மா, நல்லா ஆடறவன் ஜெயிக்கிறது சுலபம். ஆட வராதவனோட சமன் பண்றது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குத்தான் பாத்தேன். துரைசாமி உக்காந்ததும் ராணியக் கொண்டு வந்து இவர் குதிரை வாயில வச்சார். வெட்டாம விட்டா ஊர் சிரிக்கும்னு இவர் வெட்டினார். சரி, பதிலுக்குக் குடுத்துருவோம்னு தன்னோட யானைய எடுத்து அவர் சிப்பாய் வாயில வச்சார். அவர் அத வெட்டணுமில்ல? வெட்டல. யானையையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டார். வேலாயுதம் ஒண்ண சும்மா குடுப்பாரா, இதுல ஏதோ கண்ணி இருக்குன்னு நெனச்சு வேற பக்கம் ஆடிட்டார். இவர் இன்னொரு யானையக் குடுத்தார். அதுக்கும் அதே சந்தேகம். ராணியக் குடுத்தார். அதையும் தொடல. எங்க வீட்டுக்காரர் நெத்தியில வேர்வை. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லகூட அந்த மனுஷனுக்கு அப்படி வேர்த்து நான் பாக்கல. முத்தாயி யாரு ஜெயிக்கிறாங்கன்னு கேட்டா. ரெண்டு பேரும் பிரமாதமா ஆடறாங்கன்னேன்.

கடைசியில இவரால முடியாம, வாய்விட்டே சமன் வச்சுக்கலாமான்னு கேட்டுட்டார். அப்பாடான்னு நான் சுண்டல் தூக்குச் சட்டியத் திறந்தேன். துரைசாமி நிமிர்ந்து உக்காந்து, சட்டைக் காலரச் சரி பண்ணிக்கிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"வேண்டாம் சம்பந்தி. நான் ஜெயிக்கப் பாக்கிறேன்."

அவர் நினைப்பு எப்படின்னா, முதல் பேருக்காரன் சமன் கேக்கிறான்னா அவனுக்கு முடியலன்னு அர்த்தம், அப்ப நமக்கு ஏதோ தெரியாமலே நல்லா இருக்குன்னு. அதுக்கப்புறம் வேகம் வந்துருச்சு. கண்ண மூடிக்கிட்டு வெட்ட ஆரம்பிச்சார். நல்லவேளை. இவரும் வெட்டினார், அவரும் வெட்டினார், கடைசியில பலகையில ரெண்டு ராஜாவத் தவிர ஒண்ணும் இல்ல. அப்துல் கையூம் வந்து பாத்து, சமன்னு அறிவிச்சார். துரைசாமி விடல. இன்னும் ராஜாக்கள் இருக்காங்களே, அவங்க ரெண்டு பேரும் ஆடக் கூடாதான்னு கேட்டார். இது சத்தியம். சந்தேகமிருந்தா துணிக்கடையில கேட்டுப் பாருங்க.

கோப்பை போச்சு. போகட்டும். நான் ஒரு வார்த்தை பேசல. இவரும் பேசல. பஸ்ஸில வர்றப்ப அந்தக் காலி சுண்டல் தூக்குச் சட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார், கோப்பைய வச்சுக்கிட்டு வர்ற மாதிரி.

ஆனா அந்தத் துரைசாமி பேசினார். அச்சாபீஸ்காரர் பேச ஆரம்பிச்சா என்னாகும்? விடிஞ்சப்ப சிராங்கூன் ரோடு பூரா செய்தி. சாப்பாட்டுக் கடையில இலைக்கு முன்னால உக்காந்து, ஊறுகாய யானையாவும் அப்பளத்த ராணியாவும் வச்சுக் காட்டறாராம், வேலாயுதத்த எப்படி மடக்கினேன்னு. அப்துல் கையூம் பெரிய நியாயஸ்தர், பெரிய ஆளோட சமன் பண்ணா புள்ளி ஏறணும்னு விதியாம், ஏத்திட்டார். இவருக்கு இறக்கினார். யோசிச்சுப் பாருங்க. கோப்பையையும் குடுத்து, புள்ளியையும் குடுத்து, ஊறுகாய்க்கு எதிர்ல தோத்தவன்னு பேரும் வாங்கியாச்சு. எல்லாத்தையும் நான் பொறுத்துக்கிட்டேன். எதுக்காக? கண்மணிக்காக.

காப்பி இன்னும் கொஞ்சம்… போதுமா? சரி. கண்மணி, பூ வைக்க இவ்வளவு நேரமா? வந்துருவா.

நிச்சயத்துக்கு வந்தாங்க. இதே வீட்டுலதான். இந்த நாற்காலியெல்லாம் ஓரமாப் போட்டு, பாய் விரிச்சு, வெத்தலை பாக்கு பழம் தேங்காய்ன்னு ரெண்டு பக்கமும் தட்டு. ராகு காலத்துக்கு முன்னால தட்டு மாத்தணும், நேரம் நிறையவே இருந்துச்சு. அந்த நேரத்த வீணாக்குவானேன்னு துரைசாமி ஜோப்பிலேருந்து ஒரு தாள எடுத்தார். கல்யாணப் பத்திரிகை, அவர் அச்சாபீஸிலேயே மாதிரி அடிச்சுக் கொண்டு வந்திருக்கார். நிச்சயமே ஆகல, அதுக்குள்ள பத்திரிகை. உரக்க வாசிக்கிறார். அவர் பேருக்குக் கீழ, "சிங்கப்பூர் சதுரங்க வீரர்." இவர் பேருக்குக் கீழ, "துறைமுக எழுத்தர்."

நான் இவரப் பாத்தேன். இவர் லட்டு சாப்பிட்டுக்கிட்டிருக்கார். வாசிச்சது அவர் காதுல விழுந்துச்சா இல்லியான்னே தெரியல. அவர் மட்டும் அப்ப தலைய நிமிர்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்னா நான் ஏன் பேசப் போறேன்? ஒரு வீட்டுல ஆம்பிள பேசாட்டி பொம்பள பேசித்தானே ஆகணும். நான் கோபமாப் பேசல. வகுப்புல பாடம் சொல்ற மாதிரி, நிறுத்தி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னேன்.

"சம்பந்தி, அன்னைக்கு உங்களுக்கு அந்தச் சமன் போட்டுக் குடுத்தது அவரும் இல்ல, நீங்களும் இல்ல. நான்."

இதுல பொய் எங்க இருக்கு? ஒரு எழுத்து தப்பா இருந்தாச் சொல்லுங்க. …அப்படிப் பாக்காதீங்க லட்சுமியம்மா. அந்த எடத்துல நீங்க இருந்தா நீங்களும் சொல்லியிருப்பீங்க.

முத்தாயி புடவைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டா. சேதுபதி, விடுங்கப்பா, நல்ல நேரம் போகுதுங்கறான். துரைசாமி முகம் வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. பலகையக் கொண்டாங்க, இப்பவே ஆடுவோம்னார். எங்க வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம்னு கையாட்டறார். நான் விடுவேனா? எம் பேச்சு பொய்யின்னு ஆயிடக் கூடாதில்ல. கட்டிலுக்கு அடியிலேருந்து நானே பலகைய இழுத்து எடுத்துக்கிட்டு வந்து, ரெண்டு தாம்பூலத் தட்டுக்கும் நடுவுல வச்சேன்.

ஆடினாங்க. அதே கதை. ராணி போச்சு, யானை போச்சு. எனக்குச் சதுரங்கம் தெரியாதுன்னாலும் பலகைய விட்டு வெளியில யாரோடது நிறைய கிடக்குன்னு எண்ணத் தெரியும். துரைசாமிக்குக் கழுத்துல மாலைக்குப் பதிலா வேர்வை. அந்த மனுஷன் தன் பையனையும் பாக்கல, சம்சாரத்தையும் பாக்கல. இன்னும் ஒரே ஒரு நகர்த்தல், ராஜா தீர்ந்தார்னு எங்க வீட்டுக்காரர் விரல்லேயே எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் இவரப் பாத்துத் தலையாட்டினேன், முடிங்கன்னு.

இவர் என்னைப் பாக்கல. சமையலறை வாசல்ல கண்மணி நின்னுக்கிட்டிருந்தா, தலை நிறைய மல்லிகை, கையில காப்பித் தட்டு. அவளப் பாத்தார். அப்புறம் கைய நீட்டினார்.

"சமன் வச்சுக்கலாமா சம்பந்தி?"

ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டார் துரைசாமி. கண்ணு கலங்கிருச்சு மனுஷனுக்கு. சேதுபதி பலகையப் பாத்தான், எங்க வீட்டுக்காரரப் பாத்தான், தலையக் குனிஞ்சுக்கிட்டான். மத்தவங்க எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

பாருங்க, ராணிய எண்ணுங்க, யானைய எண்ணுங்க, அவர்கிட்ட ஒண்ணுமே இல்லேங்கறேன். யாரு கேக்கிறா? முதல் தடவையும் சமன், ரெண்டாவது தடவையும் சமன். அப்ப துரைசாமி நெசமாவே வீரர், இந்தம்மாதான் வீண் பழி சொல்றாங்கன்னு ஆயிப்போச்சு. என் வீட்டுப் பாயில உக்காந்துக்கிட்டு, என் லட்டத் தின்னுக்கிட்டு. அதுக்குள்ள ராகு காலம் வந்துருச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு மரியாதையா எழுந்து போனாங்க. வெத்தலைத் தட்டு அப்படியே இருந்துச்சு.

அப்புறம் அப்துல் கையூம் மூலமா சொல்லி அனுப்பினாங்க. பொண்ணு தங்கமான பொண்ணாம். பொண்ணோட அப்பா மாதிரி ஒரு பெரிய மனுஷன இந்த ஊர்லயே பாக்க முடியாதாம். ஆனா இது சரிப்பட்டு வராதாம். என்னைப் பத்தி ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லல. அதுலேருந்தே உங்களுக்குத் தெரியலையா, என்மேல அவங்களுக்கு ஒரு குறையும் இல்லேன்னு?

இப்ப சொல்லுங்க, தப்பு யார்மேல? முதல் தடவை இவர் சமன் பண்ணார், நான் சொல்லிப் பண்ணார், குடும்பத்துக்காக. சரி. ரெண்டாவது தடவை யாரக் கேட்டுப் பண்ணார்? யாருக்காகப் பண்ணார்? இதக் கேட்டா இன்னைக்கு வரைக்கும் காயெல்லாம் துடைச்சுத் துடைச்சு வைக்கிறார்.

சரி, பழசு எதுக்கு. நம்ம விஷயம் பேசுவோம். உங்க வீட்டுக்காரர் என்ன ஆடுவார்? சதுரங்கம் இல்லியே? …நல்லதாப் போச்சு. பேட்மின்டனா? பரவாயில்ல, நல்ல ஆட்டம், உடம்புக்கும் நல்லது. நாளைக்கு சம்பந்தின்னு ஆயிட்டா ஒரு நாள் சேர்ந்து ஆடத்தான் செய்வாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டையத் தொட்டதில்ல, கத்துக்கச் சொல்றேன். நீங்க கவலையே படாதீங்க, ஜெயிக்க மாட்டார். தோக்கவும் விட மாட்டேன், அது மரியாதையில்ல. சமன் பண்ணச் சொல்லிடறேன். …என்னது? பேட்மின்டன்ல சமனே கிடையாதா? யாராவது ஒருத்தர் தோத்துத்தான் ஆகணுமா? என்ன ஆட்டங்க அது, குடும்பஸ்தங்க ஆடற ஆட்டமா?

யாரோ படியேறி வர்றாங்க… ஓ, இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமையில்ல. வாப்பா சேதுபதி. அவர் தாழ்வாரத்துலதான் இருக்கார், போ.

ஆமா, அதே சேதுபதிதான். அந்தக் கலாட்டாவுக்கு மறுவாரம் வந்து, எனக்குச் சதுரங்கம் கத்துக் குடுங்கன்னு இவர் முன்னால நின்னான். அவன் அப்பா பண்ணதுக்கு அவன் என்ன செய்வான்? சாங்கியிலேருந்து ரெண்டு பஸ் மாறி வர்றான், வாரம் தவறாம. கத்துக்கிற பையன், பாவம், மந்தம்தான் போல. ஒரே ஆட்டத்த ஒரு மாசமா ஆடிக்கிட்டிருக்காங்க, முடிய மாட்டேங்குது. கண்மணிதான் காப்பி கொண்டு போய்க் குடுப்பா. அவளும் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து இப்பக் கொஞ்சம் கத்துக்கிட்டா. இவர் சில நாள் அவங்க ரெண்டு பேரையும் ஆட விட்டுட்டுக் கீழ பேப்பர் வாங்கப் போயிருவார். அவருக்கு எதுலயும் அக்கறை கிடையாது.

என்னங்க, எழுந்திட்டீங்க? பொண்ண இன்னும் பாக்கவே இல்லியே. கண்மணி! எங்க போனா… அதோ பாருங்க, தாழ்வாரத்துல, பலகைக்கிட்ட நிக்கிறாளே, பச்சப் புடவை, தலை நிறையப் பூ. அவதான். நல்லாப் பாத்துக்குங்க. …என்ன லட்சுமியம்மா, பாத்தாச்சா? குங்குமம் எடுத்துக்கிட்டாவது போங்க. வடை அப்படியே இருக்கே. படி பாத்து இறங்குங்க…

போயிட்டாங்க.

ஏங்க, கேக்குதா? காய அப்புறம் துடைக்கலாம், இங்க வாங்க. இந்தச் சம்பந்தமும் உங்க சதுரங்கத்தாலதான் போச்சு.

எதுக்குச் சிரிக்கிறீங்க?